4294967297: பைத்தான் பகா எண்ணுங்குது, சி இல்லைங்குது, எது சரி?

கேட்டவரோட பிரச்சினை இதுதான். 4294967297 பகா எண்ணான்னு பார்க்க ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதியிருக்கார். 2ஐ எடுத்து, நம்பர்ல ஒண்ணு கம்மியா எவ்வளவோ அத்தனை பவர் போட்டு, அதே நம்பரால வகுத்து மீதி 1 வருதான்னு பார்க்கிற ஃபெர்மா டெஸ்ட் (ஒற்றைப்படை பகா எண்ணா இருந்தா மீதி 1 வந்தாகணும்). பைத்தான்ங்கிற ப்ரோக்ராமிங் மொழில ஓட்டினா மீதி 1, அதாவது பகா எண். அதே லாஜிக்க சி-ங்கிற மொழில 64 பிட் வேரியபிள் வெச்சு எழுதினா மீதி 0, அதாவது பகா எண் இல்ல. எதை நம்புறது, இந்த நம்பர்ல அப்படி என்னதான் இருக்குன்னு கேக்கறார்.

முதல்ல பதில சொல்லிடறேன். சி சொன்ன விடை சரி, ஆனா அது போட்ட கணக்கு தப்பு. பைத்தான் போட்ட கணக்கு சரி, ஆனா அதுலேருந்து நீங்க எடுத்த விடை தப்பு. 4294967297 = 641 × 6700417, அவ்வளவுதான், பகா எண் இல்ல. ஆனா இப்படி ரெண்டு மொழியும் ரெண்டு விதமா சொதப்புற அளவுக்கு வாகான நம்பர் வேற ஒண்ணு தேடித்தான் கண்டுபிடிக்கணும், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

நம்பர வாய்விட்டுச் சொன்னா நானூத்தி இருபத்தொன்பது கோடியே நாப்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூத்தி தொண்ணூத்தேழு. இப்படிப் பார்த்தா ஒண்ணும் தெரியாது, 2^32 + 1ன்னு எழுதினாத்தான் ஆளு யாருன்னு தெரியும். பைனரில எழுதினா முன்னாடி ஒரு 1, நடுவுல 31 சைபர், கடைசில ஒரு 1, மொத்தம் 33 பிட். இதுக்கு முந்தின நம்பர் 4294967296, இன்டர்நெட்டோட ஐபி வெர்ஷன் 4ல மொத்தம் இருக்கக்கூடிய அட்ரஸ் எண்ணிக்கை. அதுக்கும் முந்தினது 4294967295, மைனஸ் இல்லாத 32 பிட் இன்டிஜர்ல அடங்குற பெரிய நம்பர். நம்ம ஆளு அதையும் தாண்டினவர்ங்கறதால 32 பிட் வேரியபிள்ல திணிச்சீங்கன்னா மேல இருக்கிற 1 வெட்டுப்பட்டு, வெறும் 1 ஆயிடுவார்.

இப்ப ஒரே ஒரு விஷயத்த மனசுல வெச்சுக்கங்க, இந்த நம்பரோட முக்காவாசி குணம் அதுலேருந்துதான் வருது. 2^32ஐ இந்த நம்பரால வகுத்தா மீதி 4294967296, அதாவது ஒண்ணு பத்தாம நிக்குது, அதனால மீதி மைனஸ் 1ன்னே சொல்லலாம். மைனஸ் 1ஐ ஸ்கொயர் பண்ணா 1, ஆக 2^64ஐ வகுத்தா மீதி 1. அப்படின்னா 2ஓட பவர்கள் எல்லாம் 64 ஸ்டெப் போய்ட்டு மறுபடி ஆரம்பிச்ச இடத்துக்கே வந்துடும், 429 கோடி மீதிகள் இருக்கற இடத்துல 2 வெறும் 64 இடத்த மட்டுமே தொட்டுட்டு சுத்தி சுத்தி வருது.

உங்க பைத்தான் ஏன் ஏமாந்துச்சுன்னு இப்ப தெரிஞ்சிருக்கும். நம்பர்ல ஒண்ணு கழிச்சா 2^32, அதாவது 2ஐ 2^32 தடவை பெருக்கணும், 64 ஸ்டெப்புக்கு ஒரு தடவை 1க்கு வரும், 2^32ங்கிறது 64ஓட மடங்கு, அதனால கடைசில 1தான் வந்தாகணும். இதுக்கும் நம்பர் பகா எண்ணா இல்லையாங்கிறதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. 2^32க்கு பதிலா 2^64 + 1, 2^128 + 1ன்னு அடுக்கிட்டே போங்க, அடுக்குக்குறி 2ஓட பவரா இருக்கற வரைக்கும் 2ஐ வெச்சு பண்ற ஃபெர்மா டெஸ்ட்ட அத்தனையும் பாஸ் பண்ணிடும். மில்லர்-ரேபின் டெஸ்ட் இதைவிட ஸ்ட்ராங்னு சொல்வாங்க, ஆனா அதுலயும் 2ஐ மட்டும் வெச்சு பார்த்தீங்கன்னா இந்த நம்பர் தப்பிச்சுடும், ஏன்னா அந்த டெஸ்ட் தேடறதே வழில மைனஸ் 1 வருதான்னுதான், இங்க 2ஐ அஞ்சு தடவை ஸ்கொயர் பண்ணினா அழகா மைனஸ் 1 வந்து நிக்குது.

அந்த அஞ்சு தடவைலதான் சி மாட்டுச்சு. பவர் போடறதுக்கு நீங்க ஸ்கொயர் மேல ஸ்கொயர் பண்ணிட்டு போறீங்க இல்லையா, 2, 4, 16, 256, 65536, 4294967296ன்னு வரும். அதுவரைக்கும் ஓகே. அடுத்த ஸ்கொயர் 2^64. ஆனா 64 பிட்ல அடங்குற பெரிய நம்பர் 2^64 - 1. ஒண்ணே ஒண்ணுல தவறிடுச்சு, ஓவர்ஃப்ளோ ஆகி 0, அப்புறம் எத்தனை ஸ்கொயர் பண்ணாலும் 0 தான், கடைசி மீதியும் 0. இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது என்னன்னா, இந்த நம்பரால வகுத்தா வரக்கூடிய மீதிகள் 0லேருந்து 4294967296 வரைக்கும், அதுல ஸ்கொயர் பண்ணா 64 பிட்ட தாண்டுறது கடைசி மீதி ஒண்ணே ஒண்ணுதான், மத்த எல்லாத்தோட ஸ்கொயரும் உள்ள அடங்கிடும். 429 கோடிக்கு மேல இருக்கற மீதிகள்ல அந்த ஒண்ண நேரா போய் மிதிக்கிறது நாம எடுத்த 2. பகா எண் இல்லைன்னு சி சொன்னது அதோட திறமையால இல்ல, அடி சறுக்கி விழுந்த இடம் சரியான இடமா அமைஞ்சு போச்சு.

சரி பண்றது ஈஸி, 2க்கு பதிலா 3 போடுங்க. பைத்தானோ சியோ, ரெண்டுலயும் மீதி 3029026160 வரும், 1 இல்ல, கேஸ் முடிஞ்சுது. இந்த வகை நம்பருக்குன்னே பெபின்னு ஒருத்தர் 1877ல ஒரு டெஸ்ட் குடுத்திருக்கார், 3ஐ 31 தடவை ஸ்கொயர் பண்ணு, ஒவ்வொரு தடவையும் மீதி மட்டும் எடுத்துக்கோ, கடைசில மைனஸ் 1 வந்தா பகா எண், வேற எது வந்தாலும் இல்ல, ரெண்டு பக்கமும் கேரண்டி. நம்ம நம்பருக்கு 31வது ஸ்கொயர்ல வர்ற மீதி 10324303. மைனஸ் 1க்கு பக்கத்துல கூட இல்ல. இதை இன்னொரு தடவை ஸ்கொயர் பண்ணா 106591232435809, அதுலேருந்து 4294967297ஐ 24817 தடவை கழிச்சா மிச்சம் மேல சொன்ன அதே 3029026160, கால்குலேட்டர் வெச்சு பார்த்துக்கலாம்.

இப்ப இந்த நம்பர் ஏன் இவ்வளவு ஃபேமஸ்னு பார்க்கணும். ஃபெர்மாங்கிற கணித மேதை 1640ல ஒரு வரிசைய கவனிச்சார். 2க்கு 1, 2, 4, 8, 16ன்னு ரெண்டு மடங்காகிட்டே போற பவர் போட்டு ஒண்ணு கூட்டினா 3, 5, 17, 257, 65537ன்னு வருது, அஞ்சுமே பகா எண். அதனால இந்த வரிசைல வர்ற எல்லாமே பகா எண்ணாத்தான் இருக்கும்னு கடிதங்கள்ல எழுதினார், நிரூபிக்க முடியலைன்னும் ஒத்துக்கிட்டார். அடுத்த நம்பர்தான் நம்ம 4294967297. 0லேருந்து எண்ணுறதால இதுக்கு அஞ்சாவது ஃபெர்மா எண்ணுன்னு பேரு. 1729 டிசம்பர்ல கோல்ட்பாக்னு ஒரு கணிதக்காரர் ஆய்லர்ங்கிற இன்னொரு கணிதக்காரருக்கு எழுதின கடிதத்துல, ஃபெர்மா இப்படி சொல்லியிருக்காரே தெரியுமான்னு கேட்டார், ஆய்லர் முதல்ல பெருசா கண்டுக்கல, அப்புறம் உக்காந்து பார்த்து 1732ல 641ஆல வகுபடும்னு காட்டிட்டார். அப்ப அவருக்கு வயசு இருபத்தஞ்சு.

இது ஏதோ மணிக்கணக்கா வகுத்து வகுத்து பார்த்து கிடைச்சதுன்னு நினைச்சா அது தப்பு. ப-ன்னு ஒரு பகா எண் நம்ம நம்பர வகுக்குதுன்னு வெச்சுக்குவோம். அப்ப ப-ஆல வகுத்தாலும் 2^32க்கு மீதி மைனஸ் 1, 2^64க்கு மீதி 1, அதுக்கு முன்னாடி எங்கயும் 1 வராது, அதாவது 2 சுத்தி வர்ற சுத்து சரியா 64 ஸ்டெப். ஆனா ஃபெர்மாவோட குட்டித் தேற்றப்படி ப-1 ஸ்டெப்லயும் 1 வந்தாகணும். அதனால 64 கண்டிப்பா ப-1ஐ வகுக்கும். ஆக, ப-ங்கிறது 64ஓட மடங்கு கூட்டல் 1 மாதிரிதான் இருக்க முடியும். எழுதிப் பாருங்க: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இதுல பகா எண் மட்டும் எடுத்தா 193, 257, 449, 577, 641. அஞ்சே அஞ்சு. நாலு தடவை வகுத்து மீதி வரும், அஞ்சாவது தடவை மீதி இல்லாம போகும். அரை மணி நேர வேலை கூட இல்ல.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. அதே 1640ல, ஜூன் மாசம், ஃபெர்மா மெர்சென்னுக்கு எழுதின கடிதத்துல 2^37 - 1 பகா எண் இல்ல, 223ஆல வகுபடும்னு எழுதியிருக்கார். எப்படி கண்டுபிடிச்சார்? இதே ட்ரிக்தான், அங்க வகுக்கிற பகா எண் 74ஓட மடங்கு கூட்டல் 1ஆ இருக்கணும், 75, 149, 223, இதுல 75 பகா எண் இல்ல, ஆக ரெண்டாவது முயற்சிலயே மாட்டிருச்சு. அந்த ஆயுதம் கையிலயே இருந்த மனுஷன் ஏன் 641 வரைக்கும் போகலைங்கிறது யாருக்கும் புரியாத விஷயம். ஒரு இடத்துல கூட்டல்ல சறுக்கிட்டு அப்புறம் திரும்பிப் பார்க்கவே இல்லையோன்னுதான் எனக்கு தோணும். 2ஐ வெச்சு பண்ற டெஸ்ட்டுல அவரும் உங்கள மாதிரியே ஏமாந்திருப்பாரோன்னு சந்தேகப்படுறவங்களும் உண்டு.

ஜீரா கோல்பர்ன்னு அமெரிக்கால ஒரு பையன், மனக்கணக்குல புலி, 1812ல லண்டனுக்கு கூட்டிட்டு போய் காட்டினப்ப எட்டு வயசுல இந்த நம்பர குடுத்து கேட்டாங்க, 641 × 6700417ன்னு சொல்லிட்டான்னு ஒரு கதை பதிவாகியிருக்கு. எப்படி கண்டுபிடிச்சேன்னு கேட்டா விளக்கத் தெரியாதாம்.

641 வகுக்கும்ங்கிறதுக்கு வகுக்காமலே ஒரு நிரூபணம் இருக்கு, கட்டாயம் பார்க்கணும். 641ஐ ரெண்டு விதமா எழுதலாம். ஒண்ணு, 641 = 5 × 128 + 1, அதாவது 5 × 2^7 + 1. இன்னொண்ணு, 641 = 625 + 16, அதாவது 5^4 + 2^4. முதல் வரிப்படி 641ஆல வகுத்தா 5 × 2^7க்கு மீதி மைனஸ் 1. அதை நாலாவது பவர் போட்டா 5^4 × 2^28க்கு மீதி 1. ரெண்டாவது வரிப்படி 5^4ம் மைனஸ் 2^4ம் ஒரே மீதி. மாத்திப் போடுங்க, மைனஸ் 2^4 × 2^28க்கு மீதி 1, அதாவது 2^32க்கு மீதி மைனஸ் 1, அதாவது 2^32 + 1 மீதியில்லாம வகுபடும். பத்து இலக்க நம்பர் எங்கயுமே வரல பாருங்க, நாலு வரில முடிஞ்சுது.

மிச்சம் இருக்கற 6700417 பகா எண்ணா? அதோட ஸ்கொயர் ரூட் 2588 சொச்சம், அதனால அதுவரைக்கும் இருக்கிற பகா எண்கள் எல்லாத்தாலயும் வகுத்துப் பார்க்கணும்னா கிட்டத்தட்ட நானூறு வகுத்தல். ஆனா இதை வகுக்கிறது எதுவா இருந்தாலும் அது 4294967297ஐயும் வகுக்கும், அதனால அதே கட்டுப்பாடு இதுக்கும் உண்டு. அதுலயும் 1878ல லூக்கா 64க்கு பதிலா 128ன்னு இறுக்கிட்டார். அது எப்படின்னா, நம்ம நம்பரோட உலகத்துல 2க்கு ஒரு முழு எண் ஸ்கொயர் ரூட் இருக்கு, 16776960. இதை ஸ்கொயர் பண்ணி 4294967297ஆல வகுத்தா மீதி சரியா 2. இது ஏதோ வானத்துலேருந்து குதிச்ச நம்பர் இல்ல, 2^24 - 2^8தான், ஸ்கொயர் பண்ணி விரிச்சு எழுதிப் பாருங்க, தானா விழும். 2 சுத்தி வர 64 ஸ்டெப்னா அதோட ரூட்டுக்கு 128 ஸ்டெப், அதனால 128 ப-1ஐ வகுக்கும், அவ்வளவுதான் விஷயம். இப்ப 2588 வரைக்கும் 128ஓட மடங்கு கூட்டல் 1ஆ இருக்கிற பகா எண்கள எடுத்தா 257, 641, 769, 1153, 1409. இதுல 257 ஏற்கனவே அவுட். மிச்சம் நாலு. 6700417ஐ 641ஆல வகுத்தா மீதி 44, 769ஆல வகுத்தா 120, 1153ஆல வகுத்தா 334, 1409ஆல வகுத்தா 622. எதுவும் போகல, ஆக 6700417 பகா எண். நானூறு வகுத்தல் நாலா சுருங்கிடுச்சு.

இன்னொரு கோணம், வர்க்கங்களோட கூட்டல். 4294967297 = 65536^2 + 1^2ன்னு பார்த்தவுடனே தெரியும். பகா எண்ணா இருந்தா ரெண்டு வர்க்கத்தோட கூட்டலா ஒரே ஒரு விதத்துலதான் எழுத முடியும். இதை இன்னொரு விதத்துலயும் எழுதலாம்: 62264^2 + 20449^2. முதலாவது 3876805696, ரெண்டாவது 418161601, கூட்டினா சரியா வரும். ரெண்டு விதம் கிடைச்ச உடனே பகா எண் இல்லைன்னு தீர்ந்துது, அது மட்டும் இல்ல, காரணிகளையே உருவி எடுக்கலாம். 65536லேருந்து 62264ஐ கழிச்சா 3272, 20449லேருந்து 1ஐ கழிச்சா 20448, இந்த ரெண்டுக்கும் மீப்பெரு பொது வகுத்தி 8. அடுத்து கூட்டிப் பாருங்க, 127800, 20450, இதுக்கு 50. ரெண்டையும் பாதியாக்கினா 4, 25. இப்ப 4^2 + 25^2 = 16 + 625 = 641. வந்துடுச்சு! மிச்சக் காரணியும் அங்கயே கிடக்கு, 3272ஐ 8ஆல வகுத்தா 409, 20448ஐ 8ஆல வகுத்தா 2556, 409^2 + 2556^2 = 6700417. இந்த முறையும் ஆய்லரோடதுதான். முதல் ஜோடில அந்த 1 எங்கேருந்து வந்துச்சுன்னா, 25 × 409 = 10225, 4 × 2556 = 10224, வித்தியாசம் 1. இவ்வளவு பெரிய நம்பர்கள் இப்படி ஒண்ணு வித்தியாசத்துல உரசிட்டு போறத பார்த்தா எனக்கு இப்பவும் ஒரு கிக். போகிற போக்குல, 20449ங்கிறது 143ஓட ஸ்கொயர், அதனால நம்ம நம்பர 62264^2 + 143^4ன்னும் எழுதிக்கலாம், இதுக்கு ஆழமான காரணம் எதுவும் தேட வேண்டாம், ஆனா அழகு.

அடுத்தது பாஸ்கல் முக்கோணம், அதாவது ஓரத்துல எல்லாம் 1 போட்டு, மேல பக்கத்துல பக்கத்துல இருக்கிற ரெண்டு எண்ண கூட்டி கீழ எழுதிட்டே போற முக்கோணம். முக்கோணத்துல ஒற்றைப்படை எண் இருக்கிற இடத்துல 1, இரட்டைப்படை இருக்கிற இடத்துல 0ன்னு போட்டு, ஒவ்வொரு வரியையும் பைனரி நம்பரா படிச்சுப் பாருங்க. முதல் வரி 1. ரெண்டாவது 11, அதாவது 3. மூணாவது 101, அதாவது 5. அப்புறம் 1111, 15. அப்புறம் 17, 51, 85, 255, 257ன்னு போகும். காஸ்ங்கிற கணித மேதை 1796ல, பதினெட்டு வயசுல, 17 பக்கம் உள்ள சீரான பலகோணத்த வெறும் காம்பஸும் ஸ்கேலும் வெச்சு வரைய முடியும்னு கண்டுபிடிச்சார். எந்தெந்த ஒற்றைப்படை எண்ணுக்கு வரைய முடியும்னா, ஒரே ஃபெர்மா பகா எண் ரெண்டு தடவை வராம பெருக்கிக் கிடைக்கிற எண்களுக்கு மட்டும். மத்ததுக்கு முடியாதுங்கிறத 1837ல வான்ட்ஸெல் நிரூபிச்சார். இப்ப தெரிஞ்ச ஃபெர்மா பகா எண்கள் அஞ்சுதான், 3, 5, 17, 257, 65537, இத வெச்சு 1ஐயும் சேர்த்து 32 பெருக்கல் வரும். அந்த 32ம் பாஸ்கல் முக்கோணத்தோட முதல் 32 வரிகள்ல அதே வரிசைல, சின்னதுலேருந்து பெருசா, உக்காந்திருக்கு. 32வது வரி முழுக்க 1, அதாவது 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537, இன்னைக்கு வரைக்கும் தெரிஞ்சதுல காம்பஸ் ஸ்கேல் வெச்சு வரையக்கூடிய பெரிய ஒற்றைப்படை பலகோணம் இதுதான். 33வது வரி? ரெண்டு ஓரத்துல 1, நடுவுல 31 சைபர். நம்ம 4294967297. அங்க வண்டி நின்னுடுது, 641ங்கிற காரணி ஃபெர்மா பகா எண் இல்லைங்கறதால இத்தனை பக்கம் உள்ள பலகோணத்த வரைய முடியாது. ஃபெர்மா சொன்னது உண்மையா இருந்திருந்தா இந்தப் பொருத்தம் 33வது வரியையும் தாண்டி முடிவே இல்லாம போயிருக்கும்.

4294967295ஐ அப்படி பிரிச்சது தற்செயல் இல்ல, எந்த ஃபெர்மா எண்ணுலேருந்தும் 2ஐ கழிச்சா அதுக்கு முன்னாடி இருக்கிற எல்லா ஃபெர்மா எண்ணோட பெருக்கல் வரும். அதனால ரெண்டு ஃபெர்மா எண்ணுக்கு பொதுக் காரணி இருக்கவே முடியாது, இருந்தா அது 2ஐ வகுக்கணும், ஆனா எல்லாமே ஒற்றைப்படை. மேல 257 அவுட்னு ஒரே வார்த்தைல தள்ளினதுக்கு காரணம் இதுதான். ஒவ்வொண்ணும் புதுசா ஒரு பகா எண்ணாவது கொண்டு வருதுங்கறதால பகா எண்கள் முடிவில்லாதவைன்னும் இதுலேருந்தே நிரூபிச்சுடலாம்.

உதிரி விவரங்கள். வகுத்திகள் நாலே நாலு, 1, 641, 6700417, அப்புறம் நம்பரே. நம்பர விட்டுட்டு மத்தத கூட்டினா 6701059, நம்பரோட சைஸுக்கு அது ஒண்ணுமே இல்ல. இந்த நம்பரோட பொதுக் காரணி இல்லாத, அதைவிட சின்ன எண்கள் எத்தனைன்னா 640 × 6700416, அதாவது 4288266240. இலக்கங்களோட கூட்டல் 59, அதுல விசேஷம் ஒண்ணும் இல்ல, கடைசி இலக்கம் 7, அது 17லேருந்து ஆரம்பிச்சு எல்லா ஃபெர்மா எண்ணுக்கும் அப்படித்தான்.

641ஐ மட்டும் இன்னும் ஒரு நிமிஷம் பார்க்கலாம். 1ஐ 641ஆல வகுத்தா 0.0015600624024960 9984399375975039ன்னு 32 இலக்கம் போய்ட்டு மறுபடி ஆரம்பிக்கும். முதல் 16 இலக்கத்தையும் அடுத்த 16 இலக்கத்தையும் கூட்டுங்க, எல்லாம் 9. ஏன்னா 10ஓட பவர்கள 641ஆல வகுத்துட்டே போனா 10^2க்கு மீதி 100, 10^4க்கு 385, 10^8க்கு 154, 10^16க்கு 154ஓட ஸ்கொயர் 23716, அது 641 × 37ஐ விட ஒண்ணு கம்மி, ஆக மீதி மைனஸ் 1. அதே தசமத்த அஞ்சஞ்சு இலக்கமா வெட்டினா 00156, 00624, 02496, 09984, ஒவ்வொண்ணும் முந்தினத விட நாலு மடங்கு. 641 × 156 = 99996, ஒரு லட்சத்துக்கு நாலு கம்மி, அதோட விளைவுதான் இது. அடுத்தது 39936 வரணும், ஆனா 39937ன்னு இருக்கும், பின்னாடி வர்ற அஞ்சு இலக்கம் நிரம்பி ஒண்ணு இந்தப் பக்கம் வழிஞ்சுடுது.

இதுக்கு அப்புறம் வர்ற ஃபெர்மா எண்கள் என்னாச்சுன்னும் கேப்பீங்க. அடுத்தது 2^64 + 1, அதை 1880ல லாண்ட்ரி 274177 × 67280421310721ன்னு பிரிச்சார், அப்ப அவருக்கு வயசு 82. ஏழாவத உடைக்க 1970 ஆச்சு, கம்ப்யூட்டர் வேண்டியிருந்துச்சு. அஞ்சாவதுலேருந்து பதினொண்ணாவது வரைக்கும் முழுசா பிரிச்சாச்சு, பன்னெண்டாவது இன்னும் முழுசா உடையல. அஞ்சுலேருந்து 32வது வரைக்கும் எல்லாமே பகா எண் இல்லைன்னு தெரியும். இதுல 20வதும் 24வதும் ரொம்ப வம்பு, பெபின் டெஸ்ட் ஓட்டிப் பார்த்து பகா எண் இல்லைன்னு உறுதி பண்ணியாச்சு, ஆனா ஒரு காரணி கூட யார் கையிலயும் இல்ல. புதுசா ஒரு ஃபெர்மா பகா எண் கிடைக்கும்னு பெரும்பாலானவங்க எதிர்பார்க்கிறதில்ல, நானும்தான், ஏன்னா ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் இலக்க எண்ணிக்கை ரெண்டு மடங்காகுது, பகா எண்ணா இருக்க வாய்ப்பு கிட்டத்தட்ட பாதியாகுது, எல்லா வாய்ப்பையும் கூட்டினாலும் ரொம்ப சின்னதாத்தான் நிக்கும். ஆனா நிரூபணம் கிடையாது. 33வது ஃபெர்மா எண் பகா எண்ணா இல்லையான்னு இன்னும் யாருக்கும் தெரியாது. அதுக்கு 258 கோடிக்கு மேல இலக்கம், 3ஐ வெச்சு பெபின் டெஸ்ட் பண்ணணும்னா அந்த சைஸ் நம்பர 850 கோடிக்கு மேல தடவை ஒண்ணு பின்னால ஒண்ணா ஸ்கொயர் பண்ணணும், அதனால இப்போதைக்கு எல்லாரும் 641 மாதிரி ஏதாவது சின்னக் காரணி மாட்டுதான்னு தேடிட்டு இருக்காங்க.